விமானி பேச்சு ஏன் 'கரகர'?

விமானியும், தரையில் இருக்கும் விமானக் கட்டுப்பாட்டு அதிகாரியும் ரேடியோவில் பேசுவதை சினிமாவில் கேட்டிருப்பீர்கள். 'கர்ர்ர்...' என்ற இரைச்சலுக்கு நடுவே, மூக்கடைத்தது போலக் குரல் வரும். நம் வீட்டு எப்.எம்.,மில் பாட்டு கணீரென்று கேட்கிறது. பல கோடி ரூபாய் விமானத்தில் மட்டும் ஏன் இப்படி?

நம் காது சுமார் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைக் கேட்கும். விமான ரேடியோ அதில் சுமார் 300 முதல் 3,000 வரை உள்ளதை மட்டுமே அனுப்புகிறது. 'ஸ்', 'ப்ஃ' போன்ற மெல்லிய ஒலிகள் பாதி காணாமல் போய்விடும். 118 முதல் 137 மெகா ஹெர்ட்ஸ் வரையுள்ள சிறிய இடத்தை எல்லா விமான நிலையங்களும் பங்கிட்டுக் கொள்ள வேண்டுமே! அதனால்தான் இந்தச் சிக்கனம். போதாததற்கு, விமானி அறையின் இரைச்சலும் சேர்ந்துகொள்ளும்.

இன்னொரு காரணம், இது ஏ.எம்., முறை ரேடியோ. மின்னல் வெட்டினால்கூட 'படபட' என்று சத்தம் வரும்.

அப்படியானால் எப்.எம்.,முக்கு மாறிவிடலாமே என்கிறீர்களா? அங்கேதான் விஷயமே இருக்கிறது. எப்.எம்.,மில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால், வலுவான குரல் மட்டுமே கேட்கும். மற்றவர் பேசியதே தெரியாது. ஏ.எம்.,மில் இரண்டும் மோதி, 'கீச்' என்று விசில் போல ஒலிக்கும். வார்த்தை புரியாவிட்டாலும், 'யாரோ இன்னொருவரும் பேசினார்' என்பது தெரிந்துவிடும். அதோடு, உலகத்து விமானங்கள், விமான நிலையங்கள் அனைத்திலும் கருவிகளை மாற்றுவதும் லேசான காரியமல்ல.

ஆனால், அந்த விசிலைக் கேட்டும் மறுபடி விசாரிக்காவிட்டால்?

1977, மார்ச் 27. ஸ்பெயின் நாட்டின் டெனரீப் தீவு விமான நிலையம். கடும் மூடுபனி. ஒரே ஓடுபாதையில் இரண்டு 'போயிங் 747' விமானங்கள். ஒன்று, நெதர்லாந்தின் கே.எல்.எம்., விமானம். மற்றொன்று, அமெரிக்காவின் பான் ஆம் விமானம். பனியில் ஒன்றுக்கொன்று தெரியவில்லை.

அனுமதி கிடைக்கும் முன்பே கே.எல்.எம்., விமானம் ஓடத் தொடங்கியது. 'காத்திருங்கள், நான் அழைக்கிறேன்' என்றார் அதிகாரி. அதே நொடியில், 'நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்' என்றார் பான் ஆம் விமானி. இரண்டு குரல்களும் மோதின. கே.எல்.எம்., விமானி அறையில் கேட்டது, சில வினாடி விசில் சத்தம்! 'திரும்பச் சொல்லுங்கள்' என்று அங்கிருந்து யாரும் கேட்கவில்லை. விமானங்கள் மோதின. 583 பேர் இறந்தனர்.

மூடுபனி, அவசரம், தெளிவில்லாத வார்த்தைகள் என்று விபத்துக்குக் காரணங்கள் பல. அந்த விசிலும் அவற்றில் ஒன்று.

இதன்பின், பேசும் முறைகள் கடுமையாயின. 'டேக் ஆப்' என்ற சொல்லை, பறக்க அனுமதி தரும்போதோ, அதை ரத்து செய்யும்போதோதான் சொல்ல வேண்டும். மற்ற நேரங்களில் 'டிபார்ச்சர்' என்பார்கள். அதிகாரி சொல்வதில் முக்கியமானவற்றை விமானி அப்படியே திரும்பச் சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னால் அதிகாரி உடனே திருத்துவார்.

எழுத்துகளுக்கும் தனிப் பெயர் உண்டு. 1956 முதல் புழக்கத்தில் இருப்பவை இவை. 'எம்', 'என்' இரண்டும் கரகரப்பில் ஒன்றுபோலவே கேட்கும். 'மைக்', 'நவம்பர்' என்றால் குழப்பமே இல்லை! 'பைவ்', 'நைன்' இரண்டும் குழப்பும் என்பதால், 'பைப்', 'நைனர்' என்பார்கள். இந்திய விமானங்களின் பதிவெண் 'வி.டி.,' என்று தொடங்கும். ரேடியோவில் அது 'விக்டர் டேங்கோ'.

இப்போது பல வழித்தடங்களில், குறிப்பாகக் கடலுக்கு மேல் பறக்கும்போது, செய்திகளைத் திரையில் எழுத்தாகவும் அனுப்புகிறார்கள். ஆனாலும், அவசரத்தில் கைகொடுப்பது அந்தக் கரகர ரேடியோதான்.

ஒரு விளையாட்டு விளையாடிப் பாருங்கள். மின்விசிறியை வேகமாகச் சுழலவிட்டு, வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு, ஆறு இலக்க எண் ஒன்றை நண்பனிடம் சொல்லுங்கள். அவன் திரும்பச் சொல்லட்டும். எத்தனை இலக்கம் சரி?

சரியாகக் கேட்காவிட்டால், 'சே அகெய்ன்' என்று விமானிகள் கேட்பார்கள். 'மறுபடி சொல்லுங்கள்' என்பதுதான் அதன் பொருள். பல்லாயிரம் மணி நேரம் பறந்தவர்களே அப்படிக் கேட்கிறார்கள். வகுப்பில் பாடம் புரியாதபோது, நீங்கள் ஏன் தயங்க வேண்டும்?