காலால் உழைப்பவனும் தொழிலாளியே!

“பந்தாட்டக்காரனுக்கு என்ன குறைச்சல்? உதைத்தால் காசு கொட்டுகிறது!” என்று பேசுவோர் உண்டு. சோழவரம் கடைவீதியிலே பேசுகிறார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலே இரவு ஷிப்டு முடிந்து பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் தோழர்களும் பேசுகிறார்கள். கொட்டுகிற காசு எத்தனை பேருக்கு? எத்தனை ஆண்டுக்கு? கொட்டுகிறவன் கையை மூடிக்கொண்டால் கேட்பதற்கு நாதி உண்டா? இதையும் சேர்த்தல்லவா பேச வேண்டும்!

ஒருவர் வாழ்க்கையை எடுத்துக்கொள்வோம். பைச்சுங் பூட்டியா. சிக்கிமிலே தின்கிதாம் என்னும் மலைக் கிராமத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. 1993-இல், பதினாறு வயதில், கல்கத்தா ஈஸ்ட் பெங்கால் அணிக்கு வந்தார். 1995-இல் பஞ்சாபிலே பக்வாராவுக்குப் போனார். அங்கே அவரை வைத்திருந்தது யார்? ஜே.சி.டி. — ஒரு துணி ஆலை! 1996-97-இல் முதல் தேசிய லீக் பட்டத்தை வென்றது அந்த ஆலை அணிதான். 14 கோல் போட்டு முதலிடம் பெற்றவர் பூட்டியா.

1999-இல் கடல் கடந்தார். இங்கிலாந்திலே பரி என்ற ஊரின் கிளப்பில் மூன்றாண்டு ஒப்பந்தம். மான்செஸ்டருக்கு வடக்கே, பஞ்சாலைகளால் வளர்ந்த ஊர் அது. புகழ் பெரிது, கிளப்போ சிறிது. 2002-இல் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. அதே ஆண்டில் கடன் கழுத்தை நெரிக்க, திவால் நிர்வாகத்தின் கைக்குப் போயிற்று. பூட்டியா தாயகம் திரும்பினார். மலேசியாவிலே பேராக் அணிக்கும் ஆடினார். மறுபடியும் ஈஸ்ட் பெங்கால். 2003-இல் ஜகார்த்தாவிலே ஆசியான் கோப்பையை அந்த அணி வென்றபோது, அதிகக் கோல் — 9 — போட்டவர் அவரே. நம் தஞ்சை மண்ணின் குலோத்துங்கனும் அந்த அணியிலே இடம் பெற்றிருந்தார் என்பதை மறக்கலாகாது. 2018-இல் சாலை விபத்து அந்த வீரனைப் பறித்துக்கொண்டது. அப்போது வயது நாற்பதுதான்!

பூட்டியாவின் கோல்களைப் பாராட்டக் கோடிப் பேர் உண்டு. நாம் பாராட்ட வேண்டியது வேறொன்றும் இருக்கிறது. 2006-இல் அவர் முன்னின்று இந்தியக் கால்பந்து வீரர்களுக்கென ஒரு சங்கம் கண்டார். அதன் தலைவராகவும் இருந்தார். ஆம், தோழர்களே! உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் ஆடித் திரும்பியவர், வீரனுக்குச் சங்கம் வேண்டும் என்றார்.

அவர் ஆடிய இங்கிலாந்திலே வீரர் சங்கம் 1907-லேயே பிறந்துவிட்டது. பிறந்த இடம் மான்செஸ்டர். பரங்கி முதலாளி மட்டும் சங்கத்தைச் சகித்தானா? 1909-இல், “சங்கத்தை விட்டு விலகு, இல்லையேல் ஆடாதே!” என்று கட்டளை பிறந்தது. பலர் பணிந்தனர். மான்செஸ்டர் யுனைடெட் வீரர்கள் பணிய மறுத்தார்கள். கோப்பை வென்ற அணியே ‘தள்ளப்பட்டோர் அணி’ என்று தனக்குப் பெயர் சூட்டிக்கொண்டு நின்றது! கடைசியில் சங்கத்தை அங்கீகரித்தார்கள். 1918-இல் பெரம்பூர் பின்னி ஆலைத் தோழர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்தபோது கேட்ட மிரட்டலும் இதே பல்லவிதானே!

சங்கம் சாதித்தது என்ன? எத்தனை பெரிய வீரனானாலும் வாரத்துக்கு 20 பவுனுக்கு மேல் கூலி கூடாது என்றிருந்தது ஒரு விதி. வேலைநிறுத்தம் செய்வோம் என்று 1961-இல் வீரர்கள் எழுந்தார்கள், விதி வீழ்ந்தது. ஒப்பந்தம் முடிந்த பின்னும் வீரனை வேறு கிளப்புக்குப் போகவிடாமல் பிடித்து வைக்கும் வழக்கம் இருந்தது. கொத்தடிமைக்கும் அதற்கும் என்ன வேற்றுமை? 1963-இல் ஈஸ்ட்ஹாம் என்ற வீரர் தொடுத்த வழக்கிலே, அந்தக் கட்டு நியாயமற்றது என்று நீதிமன்றமே சொல்லிற்று. சங்கம் அவர் பக்கம் நின்றது.

சங்கம் இருந்தால் துன்பமே வராது என்பதல்ல. அதே பரி கிளப், 2019-இல் ஆட்டத்திலே வென்று மேற்பிரிவுக்கு ஏறியது. வென்று கொடுத்தவர்களுக்குச் சம்பளம் பாக்கி! அந்த ஆண்டே லீக்கிலிருந்து கிளப் நீக்கப்பட்டது. துன்பம் வரும், தனியாக நின்று தாங்குவதா, சேர்ந்து நின்று தாங்குவதா என்பதே கேள்வி.

நம் நாட்டுக்கு வருவோம். ஒரு காலம் இருந்தது. பந்து நன்றாக ஆடினால் வேலை கிடைக்கும். ரயில்வே, ஐ.சி.எஃப்., துறைமுகம், சுங்கம், வங்கி — ஒவ்வொன்றுக்கும் அணி. இந்தியன் வங்கி அணி தேசிய லீக் வரை ஏறிச் சென்றது. கால் ஓய்ந்தாலும் மாதச் சம்பளம் ஓயாது, பென்ஷன் உண்டு. பிறகு வந்தது பளபளப்பு. ஆலை அணிகள் கலைந்தன; பூட்டியாவை வளர்த்த ஜே.சி.டி. அணியும் 2011-இல் மூடப்பட்டது. வேலை போய், ஒப்பந்தம் வந்தது.

அந்த ஒப்பந்தத்தின் யோக்கியதை 2025-இல் தெரிந்தது. லீக்கை நடத்தும் உரிமை பற்றிச் சம்மேளனத்துக்கும் கம்பெனிக்கும் உடன்பாடு எட்டவில்லை. ஜூலையிலே லீக்கையே நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டிலே பெங்களூரு கிளப் முதல் அணி வீரர்களின் சம்பளத்தை நிறுத்தியது; நம் சென்னை அணியும் பணிகளை நிறுத்தி வைத்தது. கோல் தவறவிட்டவன் வீரனல்ல; தண்டனை மட்டும் வீரனுக்கு! ஆர்டர் இல்லை என்று கேட்டை மூடிவிட்டு, “நாளை சொல்லி அனுப்புகிறோம்” என்று காண்டிராக்ட் தோழனைத் திருப்பி அனுப்புவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஆகவே, பந்தாடும் பிள்ளைகளைப் பெற்ற தோழர்களுக்கு ஒரு வார்த்தை. கார்ப் பந்தயத்தால் ஊரறிந்த சோழவரம் மண்ணிலும், பொன்னேரியிலும், வியாசர்பாடியிலும் பந்து உதைக்கும் பிள்ளைகளுக்குத் திறமை குறைவில்லை. வியாசர்பாடிப் பிள்ளை தனபால் கணேஷ் இந்திய அணி வரை போகவில்லையா? ஆடட்டும், அயல்நாடும் போகட்டும். ஆனால் எழுத்தில்லாத ஒப்பந்தத்தை நம்ப வேண்டாம். படித்துப் பார்க்காமல் கையெழுத்திட வேண்டாம். இரண்டு மாதச் சம்பளம் பாக்கியானால், 15 நாள் அவகாசம் கொடுத்து எழுத்திலே கேட்கலாம். அப்போதும் தராவிட்டால் ஒப்பந்தத்தை முறிக்கலாம் — இது 2018 முதல் உலகக் கால்பந்து நிறுவனமான ஃபிஃபாவின் விதி. எத்தனை பிள்ளைகளுக்கு இது தெரியும்? வீரர் சங்கத்திலே சேரட்டும், கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

அரசுக்கும் ஒரு வார்த்தை. பரிசுக் காசோலையோடு கடமை முடிந்துவிடாது. பொதுத்துறை அணிகளைக் காப்பதும், ஆடி முடித்தவனுக்கு வேலை தருவதும் கடமையே.

கையால் உழைப்பவன் தொழிலாளி. காலால் உழைப்பவனும் தொழிலாளியே. மைதானத்திலே பதினொருவர் சேர்ந்தால்தான் ஓர் அணி. மைதானத்துக்கு வெளியே எல்லோரும் சேர்ந்தால்தான் சங்கம். சேர்வீர்!