இரண்டு வால் எலும்பும் ஒரு பெரிய பெயரும்

1828-ஆம் ஆண்டு. ஜபல்பூர் ராணுவக் குடியிருப்பை ஒட்டிய பாரா சிம்லா குன்றில் கல்லாகிப்போன மரங்களைத் தேடிக்கொண்டிருந்தார் கேப்டன் வில்லியம் ஸ்லீமன். தக்கர்களை ஒடுக்கியவர் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்தோமே, அதே ஸ்லீமன்தான். மரத்தோடு கூடவே அவருக்குச் சில எலும்புகளும் கிடைத்தன. அவை எந்த விலங்கினுடையவை என்று அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. இங்கிலாந்தில் முதல் டைனோசரான மெகலோசாரஸுக்குப் பெயர் வைத்தே நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ‘டைனோசர்’ என்ற சொல்லை ரிச்சர்ட் ஓவன் உருவாக்கியது 1842-இல்.

எலும்புகள் கை மாறின. ஸ்பில்ஸ்பரி என்ற மருத்துவர் வழியாக அவை கல்கத்தாவில் ஜேம்ஸ் பிரின்செப்பிடம் போய்ச் சேர்ந்தன. நாணயச்சாலையில் வேலை, ஓய்வு நேரத்தில் பழங்காசு, கல்வெட்டு, தொல்லெலும்பு என்று எதையும் விடாத மனிதர் அவர். சில ஆண்டுகள் கழித்து அசோகர் கால பிராமி எழுத்தைப் படித்துக்காட்டி உலகப்புகழ் பெற்றவரும் அவரே. 1862-இல் எலும்புகள் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் முதல் தலைவர் தாமஸ் ஓல்டாமிடம் வந்தன. குன்றில் எடுத்து அரை நூற்றாண்டு நெருங்கியும் அந்த விலங்குக்குப் பெயர் கிடைத்தபாடில்லை.

பெயர் வைத்தவர் அதே துறையில் பணியாற்றிய ரிச்சர்ட் லிடெக்கர். ஆண்டு 1877. அவர் முக்கியமாக நம்பியது இரண்டு வால் முள்ளெலும்புகளை. முழு உடலில் இத்தனூண்டு பகுதிதான். ஆனால் அந்த எலும்பில் ஒரு விசேஷம் இருந்தது. முன்பக்கம் கிண்ணம்போலக் குழிந்திருந்தது, பின்பக்கம் உருண்டையாகப் புடைத்திருந்தது. ஒரு எலும்பின் உருண்டை அடுத்த எலும்பின் குழியில் போய் உட்காரும். இன்றைய முதலையின் வாலிலும் இப்படித்தான். அன்று அறியப்பட்ட பெரிய டைனோசர்களின் வாலெலும்பு முகங்கள் பெரும்பாலும் தட்டையாகவோ இருபுறமும் லேசாகக் குழிந்தோ இருந்தன. போதாததற்கு, ஜபல்பூர் எலும்பு பக்கவாட்டில் அமுக்கப்பட்டதுபோல் ஒடுங்கியும் இருந்தது. இது புது விலங்கு என்று முடிவு கட்டிய லிடெக்கர், டைட்டனோசாரஸ் இண்டிகஸ் என்று பெயரிட்டார். கையில் இருந்த சான்றுக்கு அது நியாயமான முடிவு என்றே சொல்வேன்.

இதில் ஒரு வேடிக்கை. அமெரிக்காவில் தொல்லுயிர் ஆய்வாளர்களான மார்ஷும் கோப்பும் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு டைனோசர்களுக்குப் பெயர் வைத்துத் தள்ளிய காலம் அது. அதே 1877-இல் கொலராடோவில் கிடைத்த ஒரு பூதத்துக்கு மார்ஷும் டைட்டனோசாரஸ் என்றே பெயர் வைத்துவிட்டார். ஒரு பெயர் இரண்டு பேரினங்களுக்கு இருக்கக் கூடாது, முந்தியவருக்கே உரிமை என்பது விலங்கியல் சட்டம். மார்ஷ் அந்த ஆண்டுக்குள்ளேயே தன்னுடையதை அட்லாண்டோசாரஸ் என்று மாற்ற வேண்டியதாயிற்று.

பெயர் நிலைத்தது. அதன்பிறகு அர்ஜென்டினாவில், மடகாஸ்கரில், ஐரோப்பாவில் என்று எங்கே உருண்டையும் குழியுமான வாலெலும்பு அகப்பட்டாலும் அதை டைட்டனோசாரஸ் கணக்கில் எழுதினார்கள். காலப்போக்கில் அந்தப் பேரினத்தின்கீழ் 14 இனங்கள் சேர்ந்துவிட்டன. சிக்கல் அங்கேதான் பிடித்தது. எலும்புகள் குவியக் குவிய, லிடெக்கர் தனிச்சிறப்பு என்று நினைத்த அடையாளம் ஒரு பெருங்குழுவுக்கே பொது என்று தெரிந்தது. மற்றவற்றிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாத எலும்பின் மேல் ஒரு பேரினத்தை நிறுத்த முடியாது. 2003-இல் ஜெஃப்ரி வில்சன், பால் அப்சர்ச் இருவரும் எல்லாவற்றையும் மறுபடி ஆராய்ந்து, டைட்டனோசாரஸ் இனிச் செல்லாத பெயர் என்று அறிவித்தார்கள். மகாராஷ்டிரத்தின் டோங்கர்காவோனில் எடுத்து டைட்டனோசாரஸ் என்று வகைப்படுத்தப்பட்டிருந்த ஓரளவு முழுமையான எலும்புக்கூடு ஐசிசாரஸ் ஆனது. ஐ.எஸ்.ஐ., அதாவது இந்தியப் புள்ளியியல் கழகம், அந்தப் பெயருக்குள் இருக்கிறது. புள்ளிவிவர நிறுவனத்தின் பெயரில் ஒரு டைனோசர்!

பேரினம் போனாலும் குழுவின் பெயர் போகவில்லை. அர்ஜென்டினோசாரஸ், படகோடைட்டன் என்று நிலத்தில் நடமாடியவற்றிலேயே மிகப்பெரிய விலங்குகள் எல்லாம் இன்றும் டைட்டனோசார்கள் என்றே அழைக்கப்படுகின்றன.

இத்தனை புகழுக்கும் காரணமான எலும்பு இடையில் காணாமல் போயிருந்தது. லிடெக்கர் விட்டுப்போன விவரமும் படமும்தான் மிச்சம். 2012-இல்தான் புவியியல் ஆய்வுத் துறையின் கொல்கத்தா சேகரிப்பில் தனஞ்சய் மொஹபேயும் சகாக்களும் அதை மீண்டும் அடையாளம் கண்டார்கள். அதுவும் ஒரு கண்டுபிடிப்பாகவே செய்தியில் வந்தது. நம் சேகரிப்புகளைப் பராமரிக்கும் லட்சணம் அப்படி.

நம் ஊர்க் கதை இன்னும் மோசம். அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் எடுத்த பிரம்மாண்டமான எலும்புகளை வைத்து 1980-களில் யாதகிரி, அய்யாசாமி என்ற இரு அறிஞர்கள் புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளம். அதுவும் ஒரு டைட்டனோசார் என்றே இன்று பலரும் கருதுகிறார்கள். ஆனால் எடுத்துப் பார்க்க எலும்பு இல்லை. அவை உதிர்ந்து பொடியாகிவிட்டன. படங்களை வைத்துக்கொண்டு அதன் எடை எவ்வளவு என்று உலகம் இன்னமும் வாதிட்டுக்கொண்டிருக்கிறது.

அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்து ஓடைகளிலும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் இன்றும் தொல்லுயிர் எச்சங்கள் தென்படுகின்றன. உங்கள் கண்ணில் பட்டால் பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுபோய்விடாதீர்கள். கிடந்த இடத்திலேயே படமெடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, அருகிலுள்ள கல்லூரிப் புவியியல் துறைக்குத் தெரிவியுங்கள்.