வெந்நீரில் கரையாத கல்



மந்தாரக்குப்பத்தில் வாழ்வோருக்குப் பழுப்பு நிலக்கரியும் புகைபோக்கியும் அன்றாடக் காட்சிகள். பூமிக்குள் இறைவன் வைத்த இச்செல்வம் என்றேனும் ஒருநாள் தீரும். அதன் பிறகு நம் பேரப்பிள்ளைகள் எதை எரிப்பார்கள்?

அறிவியல் சுட்டும் விடைகளுள் ஒன்று, நம் கடலூர் மாவட்டத்தில் மலிந்து கிடக்கும் கரும்புச் சக்கையும் வைக்கோலும். ஈரமான இவற்றைச் சூடான நீரிலேயே பக்குவப்படுத்தி எரிபொருளாக்க முடியும். அதற்கு, தான் செலவாகாமல் வேதிவினையை விரைவுபடுத்தும் வினையூக்கி தேவை.

அத்தகைய பொருளே ஜியோலைட் என்னும் நுண்துளைக் கனிமம். சூடேற்றினால் நீராவி கக்கிய கல் ஒன்றைக் கண்ட சுவீடன் அறிஞர் கிரான்ஸ்டெட், 1756இல், ‘கொதிக்கும் கல்’ என்னும் பொருளில் இப்பெயரை இட்டார். சிலிக்கானும் அலுமினியமும் ஆக்சிஜனும் பின்னிய சல்லடை அது. அதன் துளை, ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறினும் சிறியது. 1960களிலிருந்து பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலைகள் இதனைப் பயன்படுத்துகின்றன. சில சலவைத்தூள்களிலும் இது கலந்துள்ளது.

ஆயினும் ஒரு குறை. உலைகளின் கடும் வெப்பத்தைத் தாங்கும் இக்கல், வெந்நீரில் தோற்றுவிடுகிறது! அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தாரும் பிறரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், அழுத்தத்தின்கீழ் 150 முதல் 200 பாகை செல்சியஸ் வரை சூடான நீரில் ‘ஒய்’ வகை ஜியோலைட்டின் கட்டமைப்பு குலைந்தது, ‘இசட்.எஸ்.எம். 5’ என்னும் வகையோ நிலைத்து நின்றது.

காரணம் யாது? பின்னல் முழுமையுறாத இடங்களில் நீர் ஒட்டிக்கொள்கிறது. அங்கிருந்து அணுக்களின் பிணைப்பை ஒவ்வொன்றாக அறுக்கிறது. எனவே, நீரை விலக்கும் சிலிக்கான் சேர்மத்தை ஜியோலைட்டின் மேற்பரப்பில் பூசினர் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தார். 2012இல் வெளியான அவர்களது ஆய்வில், பூச்சுப் பெற்ற கல் வெந்நீரைத் தாங்கியது. உள்ளறைகளில் வேலையும் நடந்தது. பழுதுள்ள இடமே பகைவன் நுழையும் வாயில். அதை அடைத்தால் கோட்டை நிலைக்கும்.

இன்னொன்றும் அறிவீர்களா? நிலக்கரிச் சாம்பலில் சிலிக்காவும் அலுமினாவும் உண்டு. அதைக் காரத்துடன் சூடேற்றி ஜியோலைட் செய்யும் முறையும் உண்டு. நாம் குப்பையென ஒதுக்கும் சாம்பலும் ஒருநாள் கருவியாகலாம். ஆனால் வெந்நீரில் உழைக்காத கருவி, வாங்கிய வேகத்திலேயே குப்பைக்குத் திரும்பும்.

உளூச் செய்யும் நீரிலும் வீண்விரயம் கூடாதெனக் கற்றவர்கள் நாம். பூமியின் செல்வம் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். வேதியியல் பயிலும் நம் ஆண்மக்களும் பெண்மக்களும் இத்துறையிலும் கருத்தூன்ற வேண்டும். வல்ல இறைவன் அருள்புரிவானாக! ஆமீன்.