வெட்டெண்ணெயும் தொழிலாளர் உடலும்

உலோகத்தை வெட்டும் கருவிமுனையில் ஊற்றப்படும் எண்ணெயைத் தமிழ்ச் சங்க ஆய்விதழொன்றில் ஆராய்வது சிலருக்கு வியப்பளிக்கலாம். பண்பாட்டின் பொருளியல் அடித்தளம் பற்றி ஓயாது பேசும் நாம், அவ்வடித்தளத்தில் அன்றாடம் நிகழ்வதை அறியாதிருத்தல் பொருந்தாது.

கடைசற்பொறியில் உருக்கைச் சீவுகையில் செலவாகும் சக்தியிற் பெரும்பகுதி வெப்பமாகின்றது. அவ்வெப்பத்தைத் தணிப்பதும், கருவிக்கும் சீவலுக்கும் இடையிலான உராய்வைக் குறைப்பதுமே வெட்டுத் திரவத்தின் பணியாகும். அமெரிக்காவின் மிட்வேல் உருக்காலையில் 1883இல் பிரெடெரிக் டெயிலர், வெட்டுமிடத்தில் நீரைத் தாரையாக ஊற்றினால் வெட்டும் வேகத்தை 30 முதல் 40 சதவீதம் வரை உயர்த்தலாமெனக் கண்டார். தொழிலாளியின் அசைவுகளை மணிக்கூடு கொண்டு அளந்த அதே டெயிலர்தான் இவர். வேகமே அளவுகோலாயிற்று, திரவத்தில் நனையும் கைக்கு அவ்வளவையில் இடமிருக்கவில்லை.

பெற்றோலியம் மலிந்தபின் கனிப்பொருளெண்ணெய் பட்டறைகளை ஆட்கொண்டது. எண்ணெய்ப் பருக்களும் தோலழற்சியும் உடன் வந்தன. எண்ணெய் தோய்ந்த ஆடையுடன் உழைத்தோரிடையே விதைப்பைத் தோற்புற்றுநோயும் காணப்பட்டது. நன்கு சுத்திகரிக்கப்படாத கனிப்பொருளெண்ணெய்களை, மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பன என 1987இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்திற்று.

இப்பின்னணியிலேயே தாவர எண்ணெய்கள் மீண்டும் ஆராயப்படுகின்றன. அவற்றின் மூலக்கூற்றில் முனைவுத்தன்மையுள்ள பகுதி உலோகப் பரப்பைப் பற்றிக்கொள்ள, நீண்ட கொழுப்பமிலச் சங்கிலிகள் வழுக்கும் படலமாகின்றன. அவை எளிதில் தீப்பற்றா; மண்ணில் விரைந்து சிதைவுறும். வேலூரிலிருந்து 2009இல் வெளிவந்த ஆய்வொன்றில், துருவேறா உருக்கைக் கடைகையில் கருவித் தேய்வையும் பரப்பின் கரடுமுரடையும் குறைப்பதில் தேங்காயெண்ணெய், ஒப்பிடப்பட்ட ஏனைய இரு திரவங்களையும் விஞ்சிற்று. நிரம்பிய கொழுப்பமிலங்கள் மிகுந்திருத்தலால் அது எளிதில் ஒட்சியேற்றமடையாது. ஆயின் 25 பாகை செல்சியசுக்குச் சற்றுக் கீழே உறைந்துவிடும். சூரியகாந்தி, சோயா எண்ணெய்களின் நிலை இதற்கு மறுதலையாகும்: அவை எளிதில் உறையா, காலப்போக்கிற் பிசினாகும்.

எனினும், ‘தாவரம்’ என்ற சொல் தொழிலாளியைத் தானாகக் காத்துவிடும் எனக் கொள்வது மயக்கமே. நீருடன் பால்மமாக்கப்படின் அதிற் பற்றீரியா பெருகும். அதைக் கொல்லச் சேர்க்கப்படும் இரசாயனம் தோலை அழற்றக்கூடும். விரைந்து சுழலும் பொறியோ எவ்வெண்ணெயையும் நுண்துளிகளாக்கிச் சுவாசப்பைக்கு அனுப்பும். வெட்டுத் திரவம் எவ்வகையினதாயினும், ஒரு கன மீற்றர் வளியில் அதன் துகள் 0.5 மில்லிகிராமை மேற்படலாகாதென அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு, சுகாதாரத் தேசிய நிறுவகம் 1998இல் விதந்துரைத்தது. விதந்துரை சட்டமன்று. கனிப்பொருளெண்ணெய்ப் புகாருக்கு அந்நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் அளவு 5 மில்லிகிராம்.