நூத்திப் பதினாலு பை ரெண்டு

என் கடை தாலுகா ஆபீஸுக்கு எதிர் வரிசையில் இருக்கிறது. ஜெராக்ஸ், ஸ்கேன், பிரிண்ட், ஆன்லைன் மனு எல்லாம் உண்டு. வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் நிலத்துக் காகிதம் இருக்கும். அப்படித்தான் அந்தத் தாத்தாவும் வந்தார்.

"இந்தப் பட்டாவ பேரனுக்கு அனுப்பணும் தாயி. நூத்திப் பதினாலு பை ரெண்டுன்னு பேரு போட்ரு. நாலு நிலத்துக் காகிதம் அவன்கிட்ட கெடக்கு, கொழம்பிருவான்."

ஸ்கேன் செய்த ஃபைலுக்குப் பெயர் மாற்றப் போனேன். 114 விழுந்தது. சாய்கோட்டை அழுத்தினால் விழவில்லை. ஃபைல் பெயரில் வரக்கூடாத ஒன்பது குறிகளைக் காட்டி ஒரு பெட்டி எழும்பியது. நடுவில் கிடைக்கோடு போட்டு 114-2 என்று வைக்கட்டுமா என்று கேட்டேன்.

"சாஞ்ச கோட்டப் படுக்கப் போட்டா அது வேற நம்பராயிராதா?"

கெட்டிக்காரர். நானும் என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினேன். விண்டோஸில் சிறப்புக் குறிகள் இருக்கும் பட்டியலைத் திறந்து, அச்சு அசல் சாய்கோடு போலவே இருக்கும் இன்னொன்றை எடுத்து ஒட்டினேன். மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.

மூன்று மாதம் கழித்து அதே பட்டாவைப் பிரிண்ட் எடுக்க வந்தார். 114/2 என்று தட்டித் தேடினேன். இல்லவே இல்லை என்றது கணினி. ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத்தான் பிடித்தேன்.

நமக்குக் கோடு, கணினிக்கு எண். அமெரிக்காவில் 1963-இல் வந்த ஆஸ்கி அட்டவணையில் சாய்கோட்டின் எண் 47. யூனிகோடிலும் அதே 47தான். ஆனால் அதே முகஜாடையில் கணித வகுத்தலுக்கு 8725, பின்னத்துக்கு 8260 என்று தனித்தனிக் கோடுகளும் அங்கே உண்டு. நான் ஒட்டியது 8725. தேடும்போது தட்டியது 47. ஒட்டுச் செடியைப் பிறவிச் செடி என்று நம்பியது என் பிழை.

சரி, 47ஐ ஏன் பெயருக்குள் விடுவதில்லை? யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஃபோல்டரையும் அதற்குள் இருப்பதையும் பிரிக்கும் வேலி இதுதான். 114/2 என்றால் 114க்குள் இருக்கும் 2. சர்வே நம்பரிலும் அதே பொருள்தானே? 114ஆம் புலத்தின் இரண்டாம் உட்பிரிவு! தாத்தா சொன்னதைக் கணினி சரியாகவே புரிந்துகொண்டு, வேலியைப் பெயராக வைக்காதே என்றிருக்கிறது.

விண்டோஸில் வேலி எதிர்ப்பக்கம் சாய்வதற்குப் பழைய கதை உண்டு. விண்டோஸுக்கு முன்னோடியான டாஸின் முதல் பதிப்பு 1981-இல் வந்தபோது அதில் ஃபோல்டரே கிடையாது. கட்டளைக்குப் பின்னால் விருப்பம் சொல்லச் சாய்கோட்டை வைத்துக்கொண்டார்கள். 1983-இல் ஃபோல்டர் வந்தபோது அந்த இடம் காலியில்லை. பின்சாய்கோட்டைப் பிடித்துப் போட்டார்கள். ஆனாலும் சாய்கோட்டையும் விண்டோஸ் வேலியாகவே எடுத்துக்கொள்ளும்.

இந்த 47க்குப் பயந்து நடந்த ஒரு காரியத்தால் நமக்கும் லாபம். உலக எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்ற முன்பு வகுத்த முறையில், வேறு ஏதோ எழுத்தின் துண்டாக 47 வந்து நிற்கும். யூனிக்ஸ் அதை வேலி என்று நினைத்துப் பெயரை இரண்டாக வெட்டும். 1992 செப்டம்பரில் நியூஜெர்சியில் ஓர் உணவகத்தில், சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில் விரிக்கும் தாளில், கணினி வல்லுநர்களான ராப் பைக்கும் கென் தாம்சனும் சேர்ந்து புது முறை ஒன்றை வகுத்தார்கள். யூனிக்ஸைக் கட்டியவர்களில் ஒருவர் அதே தாம்சன்தான். வேலியின் அருமை அவருக்குத் தெரியாதா! அதுதான் யூடிஎஃப்-8. அதில் 'அ' என்பது 224, 174, 133 என்ற மூன்று பைட்டுகள். எந்தத் தமிழ் எழுத்தின் எந்தப் பைட்டும் 128க்குக் கீழே இறங்காது. 47 ஆக வாய்ப்பே இல்லை. பேரன் யூனிக்ஸ் வழியில் வந்த தன் ஆண்ட்ராய்டு போனில் 'தாத்தா பட்டா' என்று பெயர் வைத்தாலும் வெட்டு விழாது.

பிரிண்ட் எடுக்க வந்த அன்றைக்குத் தாத்தாவை உட்காரவைத்து, 114 என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் 2 என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் பட்டா என்று அடுக்கினேன். மேலே இருக்கும் முகவரிக் கட்டத்தைச் சொடுக்கி, 'இப்ப பாருங்க தாத்தா, நீங்க கேட்ட மாதிரியே' என்றேன். கண்ணாடியை மேலேற்றிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"கோடு அங்கிட்டுல்ல சாஞ்சிருக்கு?"