வேலையில் பாகுபாடு: வழக்கறிஞர் தட்டும் கதவுகள்

வக்கீல் என்றாலே நம்மில் பலருக்குக் கொலை, கொள்ளை வழக்குகள்தான் நினைவுக்கு வரும். இல்லையென்றால் வீடு வாங்கும்போது கையெழுத்துப் போடப் போகும் அலுவலகம் நினைவுக்கு வரும். வேலையிடத்தில் ஒருவரை இனம், பால், சமயம் பார்த்து ஒதுக்கினால் அவருக்காக வாதாடும் வழக்கறிஞரும் இருக்கிறார் என்பது பலருக்குத் தெரிவதில்லை. தெரிய வரும்போது காலம் கடந்துவிடுகிறது.

இதை நன்றாக அறிந்துகொள்ள வேண்டியவர்கள் கெடா மாநிலத்துத் தமிழர்கள். பீடோங், சுங்கைப் பட்டாணி, கூலிம், பாடாங் செராய் வட்டாரங்களில் பல தோட்டங்கள் கைமாறின. பால்மரம் நின்ற இடத்தில் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்சாலைகளும் எழுந்தன. பால் வெட்டியவர்களின் பிள்ளைகள் இன்று பாக்கார் அராங் தொழிற்பேட்டைக்கும், 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவுக்கும் வேலைக்குப் போகிறார்கள். தோட்டத்தில் ஒரு குறை என்றால் சங்கத் தலைவர் வீட்டுக் கதவைத் தட்டலாம். தொழிற்சாலை வாசலில் நிற்பவர் யார் கதவைத் தட்டுவது?

கூலியில் தொடங்கிய வேற்றுமை

பாகுபாடு நமக்குப் புதிதல்ல. 1920களின் இறுதியில் மலாயாவின் பல பகுதிகளில் இந்தியத் தோட்டத் தொழிலாளர்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட தினக்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பெண் என்பதற்காகவே பத்துக் காசு குறைத்துக் கொடுக்கப்பட்டது. அதைத் தவறென்று சொல்ல அன்று சட்டம் இல்லை. போருக்குப் பிறகும் சீனத் தொழிலாளர் பெற்ற கூலி இந்தியத் தொழிலாளர் பெற்றதைவிடக் கூடுதலாகவே இருந்தது.

அந்தக் காலத்தில் கெடா தோட்ட மக்கள் நீதிமன்றம் போகவில்லை. பீடோங் ஹார்வர்டு தோட்டத்து ஏ.எம். சாமியின் தலைமையில் தொண்டர் படையாகத் திரண்டார்கள். கள்ளுக்கடைகளை எதிர்த்தார்கள், வேலைநிறுத்தம் செய்தார்கள். 1947இல் டப்ளின் தோட்டத்தில் போலீஸ் சுட்டதில் உயிர் போனது. பின்னர் 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம், கூலியைப் பேச்சுவார்த்தை மேசைக்குக் கொண்டுவந்தது. கூட்டமாக நின்றதால் கிடைத்த பாதுகாப்பு அது. தனி ஒருவருக்கு இழைக்கப்படும் அநீதிக்குத்தான் வழக்கறிஞர் தேவைப்படுகிறார்.

அரசாங்கத்தின் வாசலோடு நிற்கும் உரிமை

கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு, சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிறது. அரசு வேலை நியமனத்தில் சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் ஆகிய காரணங்களுக்காக மட்டும் குடிமக்களிடையே பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. அரசியலமைப்பே அனுமதிக்கும் சிறப்புரிமைகள் மட்டும் இதற்கு விலக்கு. 2001இல் 'பால்' என்ற சொல்லும் இந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

ஆனால் இந்தப் பிரிவு தனியார் நிறுவனத்தின் வாசலைத் தாண்டுமா? மலேசிய விமான நிறுவனத்தில் பணிப்பெண்ணாக இருந்த பியாட்ரிஸ் பெர்னாண்டஸ் கேட்ட கேள்வி இதுதான். கர்ப்பமானால் பணிப்பெண் ராஜினாமா செய்ய வேண்டும் என்று கூட்டு ஒப்பந்தத்தில் இருந்தது. அவர் மறுத்தார், 1991இல் வேலை போனது. ஏறத்தாழ 14 ஆண்டுகள் வழக்கு நடந்தது. 2005இல் கூட்டரசு நீதிமன்றம் அவருக்கு எதிராக முடிவு சொன்னது. அரசியலமைப்பு தரும் உரிமை, அரசாங்கமும் அதன் அமைப்புகளும் செய்யும் மீறலுக்கு எதிரானது. தனியார் ஒப்பந்தத்துக்குள் அது நுழையாது என்பதே அதன் சாரம்.

இதற்கு நேர்மாறாக முடிந்தது நூர்பாடில்லா வழக்கு. தற்காலிக ஆசிரியராக நியமிக்கப்பட்ட அவர் கர்ப்பமாக இருப்பது தெரிந்ததும் 2009இல் நியமனம் திரும்பப் பெறப்பட்டது. வழக்கறிஞர்கள் ஹனி டானும் எட்மண்ட் போனும் அவருக்காக வாதாடினார்கள். பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையில் மலேசியா 1995இல் இணைந்ததை எடுத்துக்காட்டினார்கள். 2011இல் ஷா ஆலம் உயர்நீதிமன்றம், இது பால் பாகுபாடே என்று தீர்ப்பளித்தது.

இரு பெண்களுக்கும் நேர்ந்தது ஒரே கொடுமை. ஒருவருக்கு முதலாளி நிறுவனம். மற்றவருக்கு முதலாளி அரசாங்கம். அந்த ஒரு வேறுபாடு தீர்ப்பையே மாற்றிவிட்டது. அதனால்தான் இத்துறை வழக்கறிஞர் தம்மிடம் வருபவரிடம் முதலில் 'உங்கள் முதலாளி யார்?' என்று கேட்கிறார்.

முன்வாசல் மூடினால் பக்கவாசல்

தனியார் நிறுவனத்தில் வேலை செய்பவருக்கு வழியே இல்லையா? உண்டு. 1967ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவுதான் அது. நியாயமான காரணமின்றி நீக்கப்பட்டவர், 60 நாட்களுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் எழுத்துப்பூர்வமாக மனுச் செய்யலாம். முதலில் சமரசப் பேச்சு நடக்கும். அந்தக் கட்டத்தில் வழக்கறிஞர் வந்து வாதாட முடியாது. சமரசம் ஏற்படாவிட்டால் விவகாரம் தொழிலியல் நீதிமன்றத்துக்குப் போகும். முன்பு இதை அனுப்புவதா வேண்டாமா என்பது அமைச்சரின் கையில் இருந்தது. 2021 முதல் அந்தத் தடை நீங்கியது.

நீதிமன்றத்தில், நீக்கியதற்கான காரணத்தை நிரூபிக்க வேண்டியவர் முதலாளிதான். வென்றவருக்கு அதிகபட்சம் 24 மாதச் சம்பளம் வரை நிலுவையாகக் கிடைக்கலாம். தானாக விலகியதாகக் கடிதம் எழுதிக் கொடுக்கும்படி நெருக்கப்பட்டவரும், அது உண்மையில் நீக்கமே என்று வாதாட முடியும். ஆனால் கையெழுத்திட்ட பிறகு அதை நிரூபிப்பது கடினம்.

2023 ஜனவரி 1 முதல் இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. திருத்தப்பட்ட வேலைவாய்ப்புச் சட்டத்தின் 69எப் பிரிவின்படி, வேலையிடப் பாகுபாடு குறித்த தகராறை விசாரித்து உத்தரவிடும் அதிகாரம் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநருக்கு வழங்கப்பட்டுள்ளது. உத்தரவை மீறும் முதலாளிக்கு 50,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். கர்ப்பிணியை அந்தக் காரணத்துக்காக வேலையிலிருந்து நீக்கவும் இப்போது தடை உள்ளது. பியாட்ரிஸ் கேட்டது ஒருவகையில் இப்போதுதான் கிடைத்திருக்கிறது.

ஆயினும் ஓட்டை அடைபடவில்லை. பாகுபாடு என்றால் என்னவென்று இச்சட்டம் விளக்கவில்லை. அது பேசுவது ஏற்கனவே வேலையில் இருப்பவரைப் பற்றித்தான். இனம் பார்த்தோ மொழியைச் சாக்காகச் சொல்லியோ நேர்முகத் தேர்விலேயே திருப்பி அனுப்பப்படும் இளைஞருக்கு இதில் இடமில்லை. நம் பிள்ளைகள் அதிகம் குமுறுவதோ இந்த இடத்தில்தான்.

இந்த வேலைக்கு யார் வருகிறார்கள்?

உள்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் பெறலாம். வெளிநாட்டுப் பட்டம் என்றால் பெரும்பாலும் சி.எல்.பி. தேர்வு எழுத வேண்டும். பின்னர் மூத்த வழக்கறிஞர் ஒருவரிடம் ஒன்பது மாதப் பயிற்சி. அக்காலத்தில் சட்ட உதவி மையப் பணியும் உண்டு. வசதியில்லாதவர்களின் வழக்கை இளம் வழக்கறிஞர் பலர் முதன்முதலாகச் சந்திப்பது அங்கேதான்.

வேலை நீக்க வழக்குகளில் பெரும் பணம் வராது. கட்சிக்காரரே வேலை இழந்து நிற்பவர். எதிர்த்தரப்பிலோ பெரிய நிறுவனம். மனித உரிமை வழக்குகளில் ஆபத்தும் உண்டு. சுதந்திரத்திற்கான வழக்கறிஞர்கள் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான என். சுரேந்திரன், 2013 முதல் 2018 வரை கெடா பாடாங் செராய் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். 2009இல் போலீஸ் காவலில் இறந்த குகனின் குடும்பத்துக்குக் குரல் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். அந்தக் குடும்பம் 2013இல் உயர்நீதிமன்றத்தில் வென்றது. மறு ஆண்டே, வேறொரு வழக்கு குறித்த கருத்துக்காகச் சுரேந்திரன் மீதே தேச நிந்தனைக் குற்றச்சாட்டு சுமத்தப்பட்டது.

நாம் செய்ய வேண்டியது

எவ்வளவு திறமையான வழக்கறிஞரானாலும் வெறுங்கையோடு வாதாட முடியாது. நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, எச்சரிக்கைக் கடிதம், மேலாளர் அனுப்பிய குறுஞ்செய்தி எல்லாவற்றையும் பத்திரப்படுத்த வேண்டும். என்ன பேசினார்கள், எந்தத் தேதி, யார் உடனிருந்தார்கள் என்பதை அன்றே எழுதி வைக்க வேண்டும். மிரட்டினாலும் விலகல் கடிதத்தில் கையெழுத்திடக் கூடாது. வேலை போன நாளிலிருந்து 60 நாட்களை எண்ணத் தொடங்க வேண்டும். 61ஆவது நாளில் எந்த வழக்கறிஞரிடம் போனாலும் அந்தக் கதவு மூடியிருக்கும்.

தோட்டத்தில் நம் பெரியவர்கள் ஒன்றாக நின்றதால் கூலி உயர்ந்தது. இன்று தனித்தனியாகத் தொழிற்சாலைக்குள் நுழையும் பிள்ளைகளுக்குச் சட்டத்தை வீட்டிலேயே சொல்லிக் கொடுப்போம். படிப்பில் கெட்டிக்காரப் பிள்ளை, 'மருத்துவம் வேண்டாம், சட்டம் படிக்கிறேன்' என்று சொன்னால், அதைத் தடுக்காமலும் இருப்போம்.