போய் வா, ஏமாளி!

தாயம் ஆடித் தோற்றால் பழியைப் போடத் தாயக்கட்டை இருக்கிறது. சீட்டாட்டத்தில் தோற்றால் வந்த சீட்டு சரியில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். சதுரங்கத்தில் இந்தச் சாக்குகள் செல்லாது. ஆனால் அங்கே எதிரி யார் என்பதில் சந்தேகமே இல்லை. தாயக்கட்டையும் கிடையாது, மறைத்து வைக்கும் சீட்டும் கிடையாது, எல்லாம் எல்லார் கண்முன்னும் இருக்கிறது. இருந்தும் அடுத்த நிமிடம் என்ன நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அப்படியும் ஓர் ஆட்டம் இருக்க முடியுமா?

இருக்கிறது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக் கழகத்தில் கூடிய நான்கு இளைஞர்கள் 1950-ஆம் ஆண்டு அதை உருவாக்கினார்கள். மெல் ஹௌஸ்னர், ஜான் நாஷ், லாயிட் ஷேப்ளி, மார்ட்டின் ஷூபிக் என்பவர்களே அந்த நால்வர். நாஷுக்கு அப்போது வயது 22-க்குள்தான். பின்னாளில் அவர் 1994-இலும், ஷேப்ளி 2012-இலும் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார்கள். நமது சூரியன் பால்வீதியின் நடுவில் இல்லை என்று காட்டிய வானவியலாளர் ஹார்லோ ஷேப்ளியின் மகன்தான் இந்த லாயிட் ஷேப்ளி!

ஆட்டத்தின் பெயர் 'ஸோ லாங் சக்கர்'. 'போய் வா, ஏமாளி' என்று பொருள் கொள்ளலாம். பெயர் ஏன் இப்படி என்பது, ஒருமுறை ஆடிப் பார்த்தவர்களுக்கு விளங்கிவிடும்.

தேவையானவை 28 வட்ட வில்லைகள். அட்டையை வெட்டிச் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என நிறத்துக்கு ஏழாக வண்ணம் தீட்டிக்கொள்ளுங்கள். நால்வரும் ஆளுக்கு ஒரு நிறம் எடுத்துக்கொள்ள வேண்டும். முதலில் ஆடுபவரைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். அதிர்ஷ்டத்தின் வேலை அத்தோடு தீர்ந்தது.

முறை வந்தவர் ஒரு வில்லையை மேசையில் புதிதாக வைக்கலாம். அல்லது முன்பே இருக்கும் அடுக்கின் மேல் வைக்கலாம். அடுத்து ஆட வேண்டியவர் யார் என்பதையும் அவரே தீர்மானிக்கிறார். அந்த அடுக்கில் எவருடைய நிறம் இல்லையோ, அவருக்குத்தான் முறையைக் கொடுக்கலாம். எல்லாருடைய நிறமும் இருந்துவிட்டால், அவரவர் கடைசியாக வைத்த வில்லைகளை ஒப்பிட்டு, எவருடையது மிகவும் அடியில் இருக்கிறதோ அவருக்குக் கொடுக்க வேண்டும்.

ஓர் அடுக்கில் ஒரே நிறத்து வில்லைகள் இரண்டு அடுத்தடுத்து விழுந்தால், அந்த நிறத்துக்கு உரியவர் அடுக்கைப் பிடித்துவிட்டார். அவர் தமக்கு விருப்பமான ஒரு வில்லையை ஆட்டத்திலிருந்தே நீக்கிவிட்டு, மற்றவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு, மறுபடி தாமே ஆட வேண்டும். இப்படிக் கைக்கு வரும் பிறர் நிற வில்லைகளுக்குக் 'கைதிகள்' என்று பெயர். கைதியைத் தம் வில்லைபோல ஆடலாம், எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம், வேறொருவருக்குக் கொடுக்கவும் செய்யலாம். சொந்த நிற வில்லையை மட்டும் பிறருக்குக் கொடுக்க முடியாது.

முறை வந்தும் கையில் வில்லை இல்லாதவர் தோற்றவர். கைதி வைத்திருக்கும் யாராவது ஒன்றைக் கொடுத்துக் காப்பாற்றினால் பிழைப்பார். இல்லாவிட்டால் வெளியேற வேண்டியதுதான். அவருக்கு முறையைக் கொடுத்தவரே பிறகு ஆட வேண்டும். தோற்றவரின் நிறம் முறையைத் தீர்மானிப்பதில் கணக்கில் வராது. அந்த நிறம் ஓர் அடுக்கைப் பிடித்தால் அடுக்கு முழுவதையும் நீக்கிவிட்டு, வில்லையை வைத்தவரே மீண்டும் ஆடலாம். கடைசியில் எஞ்சும் ஒருவரே வென்றவர்.

இனிமேல்தான் முக்கியமான விதி வருகிறது. ஆடுபவர்கள் தங்களுக்குள் எந்த ஒப்பந்தமும் செய்துகொள்ளலாம். ஆனால் மேசையில், எல்லார் முன்னிலையிலும்தான் பேச வேண்டும். ஒப்பந்தத்தை மீறினால்? தண்டனை ஒன்றுமில்லை!

இதன் விளைவை ஒரு சிறிய கணக்கில் பாருங்கள். ஆட்டம் தொடங்குகிறது. சிவப்பு ஒரு வில்லையை வைத்து முறையை நீலத்திடம் கொடுக்கிறது. நீலம் அதன் மேல் தன் வில்லையை வைத்து, பச்சையைப் பார்த்துச் சொல்கிறது: "நீ ஒரு புதிய அடுக்கைத் தொடங்கிவிட்டு, முறையை எனக்கே திருப்பிக் கொடு. நான் இந்த அடுக்கைப் பிடித்து, சிவப்பை உனக்குத் தந்துவிடுகிறேன்." பச்சை நம்பிக் கொடுக்கிறது. நீலம் தன் நீலத்தின் மேல் நீலத்தை வைக்கிறது. அடுக்கு அதன் கைக்கு வந்துவிட்டது.

இப்போது நீலம் என்ன செய்யும்? வாக்கைக் காப்பாற்ற வேண்டுமானால் ஒரு நீலத்தை நீக்கிவிட்டுச் சிவப்பைப் பச்சைக்குத் தர வேண்டும். அப்போது நீலத்திடம் 6 வில்லை, பச்சையிடம் 7. வாக்கை மீறிச் சிவப்பையே நீக்கிவிட்டால் நீலத்திடம் மறுபடியும் முழுசாக 7, பச்சையிடம் 6. நேர்மையின் விலை இங்கே சரியாக ஒரு வில்லை. அதைக் கொடுத்தால் ஒரு தோழர் கிடைக்கிறார். கொடுக்காவிட்டால், மற்ற மூவரும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்?

இருவர் ஆடும் ஆட்டங்களில் இந்தத் தொல்லை இல்லை. ஒருவரின் லாபம் முழுவதும் மற்றவரின் நஷ்டமாக அமையும் இருவர் ஆட்டங்களில், ஒவ்வொருவருக்கும் மிகச் சிறந்த உபாயம் ஒன்று உண்டு என்று ஜான் வான் நாய்மன் 1928-இலேயே நிரூபித்துவிட்டார். மூன்றாவது ஆள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் கதை மாறுகிறது. மூவர் நடுவே 100 ரூபாய் இருக்கிறது, எந்த இருவர் ஒத்துப்போனாலும் அதைப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவரும் இரண்டாமவரும் ஐம்பது ஐம்பது என்று முடிவு செய்கிறார்கள். மூன்றாமவர் சும்மா இருப்பாரா? "உனக்கு 60, எனக்கு 40 போதும்" என்று இரண்டாமவரை இழுக்கிறார். வெளியே தள்ளப்பட்ட முதலாமவர் உடனே மூன்றாமவரிடம், "நீ 50 எடுத்துக்கொள்" என்கிறார். எந்தப் பங்கீட்டைச் சொன்னாலும் அதைக் கவிழ்க்க வேறொரு பங்கீடு இருந்துகொண்டே இருக்கும். மூவரில் இருவர் சேரும் வழிகள் 3. நால்வரில் இருவரோ மூவரோ சேரும் வழிகள் 10. வில்லை ஆட்டத்தின் கூச்சலும் குழப்பமும் இங்கிருந்துதான் வருகின்றன.

சாதாரண வாழ்க்கையில் நாளையும் இவரையே பார்க்க வேண்டுமே என்ற எண்ணம் வாக்குறுதியைக் காப்பாற்றுகிறது. இந்த ஆட்டத்தில் அந்த நாளை இல்லை, எஞ்சப்போவது ஒருவர்தான். ஆகவே எந்தக் கூட்டணியும் உடைந்தே தீரும் என்பது அதில் சேரும்போதே இருவருக்கும் தெரியும். எப்போது என்பதுதான் தெரியாது. மிக முன்னதாக உடைத்தால் மற்றவர்கள் சேர்ந்து உங்களை ஒழிப்பார்கள். ஒரு முறை தாமதித்தாலோ உங்கள் தோழர் முந்திக்கொள்வார். இதை ஆடிய தம்பதிகள் வீடு திரும்பும்போது தனித்தனி டாக்சியில் போனார்கள் என்று ஒரு கதையே உண்டு. ஏற்கெனவே மனத்தாங்கல் உள்ள நண்பருடன் ஆட வேண்டாம் என்பது என் யோசனை.

இந்தச் சண்டை முடிவில்லாமல் நீண்டுகொண்டே போகுமோ என்று பயப்பட வேண்டாம். வைத்த வில்லை கைக்குத் திரும்ப ஒரே வழி, அடுக்கைப் பிடிப்பது. ஒவ்வொரு பிடிப்பிலும் ஒரு வில்லையாவது நிரந்தரமாகப் போகிறது. இருப்பதோ 28. எனவே ஆட்டம் என்றாவது முடிந்தே ஆக வேண்டும். நடைமுறையில் பெரும்பாலும் ஒரு மணி நேரம்கூடப் பிடிக்காது.

ஆட்டத் தொடக்கத்தில் முறை கிடைப்பது அதிர்ஷ்டம். அதற்காகத்தான் நீலம் பச்சையிடம் கெஞ்சியது. முடிவில் அதுவே விஷம். மேசை காலி, சிவப்பும் நீலமும் மட்டும் மிச்சம், ஒவ்வொருவரிடமும் தம் நிறத்தில் ஒரே வில்லை. முறை சிவப்புக்கு. அது தன் வில்லையை வைத்தாக வேண்டும், நீலத்துக்கு முறை கொடுத்தாக வேண்டும். நீலம் தன்னுடையதை எங்கே வைத்தாலும் முறை சிவப்புக்கே திரும்புகிறது. சிவப்பின் கை வெறுங்கை. ஆட்டம் முடிந்தது!

இருவரிடமும் இரண்டிரண்டு வில்லைகள் இருந்து, முறை சிவப்புக்கு வந்திருந்தால்? சிவப்பு தப்பிக்க ஏதாவது வழி உண்டா? நான்கே வில்லைகள்தாம். எல்லா வழிகளையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிடலாம்.